எரிந்த மோட்டாரைச் சுற்றியவள்

மோட்டார் எரிந்துதான் போயிருந்தது, அதில் சந்தேகமே வேண்டாம். பலாபத்வல ஊர் மில்லுக்காரர் ராஜநாயகம் அதைத் திரீவீலரில் ஏற்றிவந்து மாத்தளைக் கடை வாசலில் இறக்கும்போதே, கருகிய வார்னிஷ் நாற்றம் கடைக்குள் தொங்கிய திரையைத் தாண்டி நிஷ்மியாவின் மூக்கில் ஏறியது. அவள் சுற்றிய மோட்டார் அது.

கடைப் பலகையில் இருப்பது அவள் கணவன் ஹாஷிமின் பெயர். அவன் வேலைக்காகக் கட்டாருக்குப் போய் இரண்டு வருடமாகிறது. அன்றிலிருந்து எரிந்த மோட்டார்களுக்குப் புதுக் கம்பிச் சுருள், அதாவது காயில், சுற்றுவது அவள்தான். வாங்கி வைப்பதும் திருப்பிக் கொடுப்பதும் முன்னால் நிற்கும் கடைப் பையன் அன்ஸாப். ஊருக்கு அன்ஸாப்தான் கைராசிக்காரன். ஹாஷிமின் அண்ணன், அவள் 'நானா' என்று கூப்பிடும் ரிஸ்வி, போட்ட நிபந்தனை அப்படி: பெண்பிள்ளை வேலை செய்யலாமாம், திரைக்குப் பின்னால். கடையை ஃபோன் விற்பவர் யாருக்காவது வாடகைக்கு விட அவருக்கு ரொம்ப நாளாக ஆசை. சாக்குத்தான் கிடைக்கவில்லை. இன்றைக்கு அதுவும் தேடி வந்துவிட்டது.

"மஞ்சள் அரைக்கிறப்ப மோட்டார் தெணறுதுன்னுதானே குடுத்தேன்?" ராஜநாயகம் கத்தினார். "ரெண்டு நாள் நல்லா இழுத்துச்சு. இன்னைக்குப் பொகைஞ்சு போச்சுங்க! மில்லு சும்மா கெடக்குது."

என்ன நடந்தது என்று நிஷ்மியாவுக்கு உடனே விளங்கியது. இழுவை கூடட்டும் என்று ஒவ்வொரு காயிலிலும் சில சுற்றுகளைக் குறைத்திருந்தாள். சுற்றுக் குறைந்தால் இழுவை கூடும், உண்மைதான். ஆனால் கம்பியில் ஓடும் கரண்டும் கூடும். அதைத் தாங்கத் தடித்த கம்பி போட்டிருக்க வேண்டும். அவளோ கையிலிருந்த பழைய அளவுக் கம்பியையே போட்டுவிட்டாள். தெரியாமல் இல்லை, தாங்கிவிடும் என்ற மிதப்பு.

"இவன் பாத்த வேல, முதலாளி," என்று கல்லாவிலிருந்து எழுந்துவந்த ரிஸ்வி அன்ஸாபைக் கைகாட்டினார். "இன்னையோட இவன அனுப்பிடுறேன். கடையையும் மூடிடப் போறோம்."

அன்ஸாப் ஒரு காயிலைக்கூடச் சுற்றியவனல்ல. அவன் திரைப்பக்கம் ஒருதரம் பார்த்தான், பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

அவளும் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். அதுதான் சுலபம். ஆனால் இந்தப் பழி அன்ஸாபுக்குப் போனால், இரண்டு வருடமாக அவள் சுற்றிய அத்தனை மோட்டாரும் அன்ஸாபுக்கே போகும். பாராட்டைத்தான் விட்டுக்கொடுத்தாள். தப்பையுமா விட்டுக்கொடுப்பது? நிஷ்மியாவுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

திரையைப் பிடித்து இழுத்தாள். வளையங்கள் தெறித்து விழுந்தன.

"அத சுத்தினது நான். எரிச்சதும் நான்தான். கம்பி மெல்லிசாப் போச்சு."

ராஜநாயகம் அவள் பக்கம் திரும்பினார். "நீங்களா? அப்ப போன வருஷம் சுத்தினது?"

"அதுவும் நான்தான். நல்லா ஓடினப்ப யாரும் கேக்கல்லியே, யாரு சுத்தினதுன்னு."

"உள்ளுக்குப் போ, புள்ள!" ரிஸ்வியின் முகம் சிவந்தது. "கடச் சாவியத் தா. ஒரு மோட்டார எரிச்சிட்டு நிண்டு பேசுறியா?"

"ஹாஷிம் எத்தன எரிச்சாரு, ரிஸ்வி நானா? அவருட சாவிய யாரு கேட்டாங்க? சாவி தரமாட்டேன். இந்த மோட்டார நானே பிரிச்சு நானே சுத்துவேன்."

ராஜநாயகம் மோட்டாரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "மறுபடி எரிஞ்சா?"

"இங்கயே கொண்டு வாங்க. எங்கிட்டயே சத்தம் போடுங்க."

அவர் மோட்டாரைக் காலால் உள்பக்கம் தள்ளிவிட்டு, "தடிச்ச கம்பியாப் போடுங்க" என்று மட்டும் சொல்லித் திரீவீலரில் ஏறினார்.

அன்ஸாப் யாரும் சொல்லாமலே மேசையைக் கடை வாசலுக்கு இழுத்துவந்தான். நிஷ்மியா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அங்கே உட்கார்ந்து, புதுக் கம்பியின் நுனியைத் தெருப்பக்கம் உயர்த்திப் பிடித்து அதன் தடிப்பைப் பார்த்தாள்.

"ரோட்டால போறவன் எல்லாம் பாக்கிறான்," என்று வாசலை அடைத்து நின்றபடி ரிஸ்வி பல்லைக் கடித்தார்.

"பாக்கட்டும். நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நானா. வெளிச்சத்த மறைக்கிறீங்க."