வலது கை திருப்பிக் கொடுத்தது

பக்கவாதம் வந்த நாற்பத்தோராம் நாள் காலை ஏழு மணிக்கு, மாணிக்கவாசகத்தின் வலது கை படுக்கையிலிருந்து எழுந்து அவர் முகத்தில் குத்தியது. மேலுதடு கிழிந்தது. தலைநகரில், லோதி ரோடு அரசுக் குடியிருப்பின் இரண்டாம் மாடியில், 1997 ஏப்ரலில் இது நடந்தது. அதுவரை அந்தக் கையில் ஊசி ஏற்றினாலும் அவருக்குத் தெரியாது. வாயிலும் 'அச்சா' என்ற ஒரு இந்திச் சொல்தான் மிஞ்சியிருந்தது. அலுவலகத்தில் இருபது பேரைப் பார்வையாலேயே அடக்கி வைத்த செக்‌ஷன் ஆபீசர், பல் தேய்க்கவும் கால் கழுவவும் மனைவி வடிவை எதிர்பார்த்துக் கிடந்தார். ரத்தம் துடைக்க வந்த வடிவுக்கு அந்தக் குத்தை அடையாளம் தெரிந்தது. மோரில் உப்பு கூடிப்போனதற்காகப் பிப்ரவரியில் அவர் அவளுக்குக் கொடுத்த குத்து அது. அன்று சாயங்காலம் கண்ணாடியில் பார்த்தபோது அவள் உதட்டிலிருந்த தையல் தழும்பைக் காணவில்லை.

மறுநாள் விழுந்தது பொங்கலன்று கொடுத்தது. அதற்கும் மறுநாள், டிசம்பரில் கொடுத்தது. கை கடைசி அடியிலிருந்து முதல் அடியை நோக்கிப் போகிறது என்பது ஒரு வாரத்தில் வடிவுக்குப் புரிந்துவிட்டது. பதினெட்டு வருஷத்தில் தன் மேல் விழுந்த எதையும் அவள் மறந்திருக்கவில்லை. ஆகவே நாளைக்கு என்ன வரும் என்று அந்த வீட்டில் அவளுக்கு மட்டும் தெரியும். "நாளைக்குக் காதுல விழும். தலையணையில அழுத்திப் படுத்துக்கிடுங்க" என்று சில நாள் சொன்னாள். சில நாள் சொல்லவில்லை. தினமும் வீட்டில் ஏதாவது உடைந்தது. பதினெட்டு வருஷமாகக் கேட்டுப் பழகிய சத்தம்தான் என்பதால் அக்கம்பக்கத்தில் யாரும் கதவைத் தட்டவில்லை.

வாரம் மூன்று நாள் வீட்டுக்கு வந்துபோன பிசியோதெரபிஸ்ட் உஷாராணி கோயம்புத்தூர்ப் பெண். அந்தக் கை கரண்டியை எடுத்து அவர் நெற்றியைப் பிளந்ததை அவள் பக்கத்தில் நின்று கவனித்தாள். பஞ்சு வைத்துக் கட்டிவிட்டு, "முழங்கை நல்லா நீளுதுங்க அக்கா. விரலும் இறுக்கிப் பிடிக்குது. அடிக்கிறதும் அசைவுதானுங்க" என்றாள். கட்டிலோடு சேர்த்துக் கட்டிவிடலாமா என்று வடிவு கேட்டாள். கட்டினால் கை மறுபடி செத்துப்போகும் என்றாள் உஷாராணி. அவள் சொன்னதுதான் நடந்தது. பெல்ட்டால் தன் முதுகையே விளாசிக்கொண்ட வாரத்தில் மணிக்கட்டு திரும்பியது. தலைமயிரைக் கொத்தாகப் பிடுங்கிய விரல்கள், அடுத்த வாரம் சப்பாத்தியைப் பிய்த்து வாய்க்குக் கொண்டுபோயின. மூக்கு உடைந்த மாதம் அவரே முகம் கழுவிக்கொண்டார். சொற்களும் ஒவ்வொன்றாக வந்தன.

1998 நவம்பரில் கை 1984 ஜனவரிக்கு வந்து சேர்ந்தது. அந்த ஜனவரியில் வடிவுக்கு ஐந்து மாதம். சாப்பாடு தாமதமானதற்காக அவர் அவளை மாடிப்படியில் தள்ளினார். குழந்தை போனது, பிறகு தங்கவே இல்லை. அது திரும்பி வருவதற்கு முதல் நாள் மத்தியானம் வடிவு அவரெதிரில் உட்கார்ந்து, "நாளைக்கு மாடிப்படி" என்றாள்.

அவர் "அஞ்சு மாசம்" என்றார். வாய் நன்றாக இருந்த காலத்திலும் அவர் அதைச் சொன்னதில்லை.

"கதவைப் பூட்டிருதேன். இங்கனயே கெடங்க."

"வேண்டாம்."

காலையில் அவர் தானாக எழுந்தார். கைத்தடியை எடுக்கவில்லை. சுவரைப் பிடிக்காமல் கூடத்தைக் கடந்தார். பக்கவாதத்துக்குப் பிறகு யார் துணையும் இல்லாமல் அவர் நடந்தது அதுதான் முதல் தடவை. தாழ்ப்பாளை இடது கையால் நீக்கி, மேல்படியில் போய் நின்றார். வடிவின் கை அவர் சட்டையை நோக்கிப் பாதி தூரம் நீண்டது, பிறகு நின்றுவிட்டது. வலது கை கைப்பிடிக் கம்பியைப் பற்றியது, அவர் உடம்பைச் சுழற்றிக் கீழே எறிந்தது. பதினாலு படி. தோள் எலும்பு முறிந்தது, விலா இரண்டு போனது, சுவரெல்லாம் ரத்தம். வடிவு மேல்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அப்புறம் இறங்கிப்போய் அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பதினாலு வருஷமாக அவள் அடிவயிற்றில் இருந்த வலி அன்று நின்றது. குழந்தை திரும்பி வரவில்லை. கையால் ஆகக்கூடிய காரியம் அல்ல அது.

எலும்பு கூடியபின் மிச்சமிருந்தவை சில்லறை அடிகள். 1979இல், கல்யாணமாகி வந்திறங்கிய அன்று, ரயில் நிலையத்தில் டிரங்குப் பெட்டியின் சாவியைத் தொலைத்ததற்காக அவளை அறைந்ததுதான் முதல் அறை. 1999 ஆகஸ்டில் அது கடைசியாக வந்து அவர் கன்னத்தில் விழுந்தது. அதோடு கை ஓய்ந்தது. கொஞ்ச நேரம் கன்னத்திலேயே கிடந்துவிட்டு, இறங்கி, சட்டைப் பொத்தான் ஐந்தையும் வரிசையாகப் போட்டது. டிசம்பருக்குள் அவர் குளித்தார், துணி துவைத்தார், பருப்பு வேகவைத்தார், ஓடும் பஸ்ஸில் ஏறினார். உஷாராணி இனி வரவேண்டியதில்லை என்று சொல்லி சாணக்யபுரியில் வேறொரு நோயாளியிடம் போனாள். அங்கே ஒருவருக்கு இடது கால் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்திருந்தது.

ஜனவரியில் ஒரு காலை அவர் டீ போட்டு, சிந்தாமல் கொண்டுவந்து வடிவிடம் நீட்டினார். அவள் குடித்து முடித்தாள். "இனி உங்களுக்கு ஆள் வேண்டாம். நான் கெளம்புதேன்" என்றாள். ஒரு கறுப்புத் தழும்புகூட இல்லாத உடம்போடு, ஒரு பையை எடுத்துக்கொண்டு முனிர்காவுக்குப் போனாள். அங்கே தமிழ் மாணவர்களுக்காக நடந்த ஒரு மெஸ்ஸில் சமையலுக்குச் சேர்ந்து, இரண்டு வருஷத்தில் அதைத் தானே நடத்த ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாணிக்கவாசகம் பஸ் பிடித்து அங்கே வருவார். மாணவர்களோடு வரிசையில் நிற்பார், ஒரு பருக்கை சிந்தாமல் சாப்பிடுவார், தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போவார். உங்கள் சொந்தக்காரரா என்று பரிமாறுகிற அம்பிகா ஒருநாள் கேட்டாள்.

"தெரிஞ்சவுகதான்" என்றாள் வடிவு. "சாம்பாரு கேக்காவ பாரு, ஊத்து."