சுத்தப் பிரதி

எமிலியானாவைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை கெட்டதாகச் சொன்னால் இந்திராதேவிக்குப் பொறுக்காது. அப்படியும் ஒரு காலம் இருந்தது. இத்தாலியின் பலெர்மோவில் வீடு கழுவப் போகும் தமிழ்ப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி, தங்கள் எஜமானிகளான சிஞ்ஞோராக்களை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்ப்பார்கள். இவள் மட்டும் வாய் திறக்கமாட்டாள். தன் சிஞ்ஞோரா வேறு ரகம் என்ற பெருமை அவளுக்கு.

எமிலியானா ஓர் ஆராய்ச்சியாளர். எண்ணெய் பிழிந்த பிறகு மிஞ்சும் ஒலிவ் சக்கையை எரித்து மின்சாரம் எடுக்கலாமா என்பதுதான் ஆராய்ச்சி. வயது நாற்பத்தொன்று, நிரந்தர வேலை இல்லை. இரண்டு வருடம் ஒல்லாந்தில், மூன்று வருடம் ஒஸ்ரியாவில், பிறகு சொந்த ஊரில் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் ஒப்பந்தம். அவள் எழுதிய கட்டுரைகளில் அவளுடைய பேராசிரியர் தன் பெயரை முதலில் போட்டுக்கொண்டார். இரண்டில் அவள் பெயரையே விட்டுவிட்டார்.

"என் உழைப்பு, இந்திரா! என் பெயர்!" என்று அவள் சமையலறை மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதபோது, துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த இந்திராதேவியும் சேர்ந்து அழுதாள்.

அன்றுதான் தன் கதையையும் சொன்னாள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்தவள். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையின் ஆய்வுகூடத்தில் ஐந்து வருடம் சுண்ணாம்பையும் சாம்பலையும் நிறுத்துக் கணக்கெழுதியவள். சண்டையில் ஆலை மூடப்பட்டது, இவள் இத்தாலிக்கு வந்து சேர்ந்தாள். பட்டம் பெற்ற பெண்ணை அந்த நாட்டில் 'தொத்தொரேசா' என்று மரியாதையாக அழைப்பார்கள். எமிலியானாவை இறைச்சிக்கடைக்காரனும் அப்படித்தான் அழைத்தான். இந்திராதேவியை ஒருவரும் அப்படி அழைத்ததில்லை. விளக்குமாற்றோடு நிற்பவளிடம் பட்டம் இருக்கிறதா என்று யார்தான் கேட்பார்கள்?

எமிலியானா கேட்டாள். கேட்டதோடு நிற்கவில்லை. நகரின் ஓரத்தில், பிரான்காச்சோவில் ஒரு பட்டறைக்குப் பின்னால் வாடகைக்கு எடுத்திருந்த கூடத்துக்கு அவளைக் கூட்டிப்போய், சோதனை அடுப்பைக் காட்டினாள். ஐரோப்பிய நிதியில் நடக்கும் இரண்டு வருடத் திட்டம். கூலிக்கு ஆள் வைக்கப் பணம் போதாது.

"நீ அளவு எடு. அறிக்கையில் உன் பெயர் வரும். பெயர் வந்தால் என் ஆராய்ச்சி நிறுவனமே உன்னை ஆய்வுகூட உதவியாளராக எடுக்கும்."

இந்திராதேவிக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? காலையில் வீடு கழுவினாள். மத்தியானம் பஸ் ஏறி பிரான்காச்சோ போனாள். சக்கையின் ஈரம், புகையின் சூடு, சாம்பலின் நிறை எல்லாவற்றையும் நீலக் கொப்பியில் எழுதினாள். ஆலைக் காலத்து வழக்கம் ஒன்று அவளை விட்டுப் போகவில்லை. எழுதிய பக்கத்தின் அடியில் கையெழுத்து வைக்காமல் எழும்பமாட்டாள்.

இரண்டாம் வருடம் வந்தது தலையிடி. அடுப்பைத் தொடர்ந்து எரித்தால், நான்காம் நாளில் சாம்பல் உருகிக் கண்ணாடிக் கட்டியாக இறுகி, அடியிலிருந்த இரும்புத் தட்டியின் துவாரங்களை அடைத்துவிட்டது. சுத்தியலால் அடித்துத்தான் கழற்ற முடிந்தது. ஒரு தரம் அல்ல, ஐந்து தரம். இந்திராதேவி ஐந்தையும் எழுதினாள்.

எமிலியானா கொப்பியைப் பார்த்து உதட்டைக் கடித்தாள். "இது அடுப்பின் பழுது, எரிபொருளின் குற்றம் அல்ல. இந்த நாட்களை விட்டுவிட்டு வேறு கொப்பியில் ஒரு சுத்தப் பிரதி எழுது, இந்திரா. உன் கையெழுத்து அழகானது. பழையதை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்."

இந்திராதேவிக்கு மனம் கேட்கவில்லை. சாம்பல்தான் குற்றவாளி என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் படித்தவள் சொல்கிறாள், அழுத கண்ணோடு தன்னை நம்பியவள் சொல்கிறாள் என்று எழுதினாள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், யாரும் கேட்காமலே, தன் முழுப்பெயரைக் கையெழுத்தாக வைத்தாள்.

அறிக்கை வந்தது. அதில் அவள் பெயர் இல்லை. "இது இடைக்கால அறிக்கை, இறுதியில் வரும்," என்றாள் எமிலியானா. இவளும் நம்பினாள்.

தொண்ணூற்றேழு மார்ச்சில், "நாளைக்கு நிதிக்குழு வருகிறது. நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு வா, உன்னை அறிமுகப்படுத்தப் போகிறேன்," என்று எமிலியானா சொன்னதும் இந்திராதேவிக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. கலியாணத்துக்குக் கட்டிய நீலச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு போனாள்.

நீண்ட மேசை. மூன்று வெள்ளைக்காரர்கள். அவர்களில் ஓர் ஒல்லாந்துக்காரர், அதே சக்கையைத் தன் ஊரில் எரித்துப் பார்த்திருக்கிறார். நான்காம் நாளில் தட்டி அடைத்துக்கொண்டதாம். உங்கள் அறிக்கையில் அது ஏன் இல்லை என்று கேட்டார்.

எமிலியானா எழுந்து நின்றாள். குரல் நடுங்கவில்லை.

"அளவுகளை எடுத்தவள் இந்தப் பெண். என் வீட்டில் வேலை செய்கிறாள். படித்தவள் என்று சொன்னாள், இரக்கப்பட்டு நம்பினேன். அது என் தவறு."

சுத்தப் பிரதி மேசையில் விரிந்தது. ஒல்லாந்துக்காரர் அவள் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்து, "இது உங்கள் கையெழுத்தா?" என்று கேட்டார்.

"ஓம்..." என்று தொடங்கி, "சீ," என்று இத்தாலிய மொழியில் ஆமோதித்தாள் இந்திராதேவி. "ஆனால் வேறொரு கொப்பி இருக்கிறது. நீலக் கொப்பி."

"எந்தக் கொப்பி?" என்றாள் எமிலியானா, இவள் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டே.

பேராசிரியர் பறித்தது எமிலியானாவின் பெயரை மட்டும்தான். எமிலியானா இவள் பெயரை எடுத்து அதில் சேறு பூசிவிட்டாள். அதைப் பூசுவதற்கு வசதியாகப் பக்கம் பக்கமாகக் கையெழுத்து வைத்துக் கொடுத்தவள் தானேதான் என்று நினைக்க இந்திராதேவிக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

வெளியே நடைபாதையில் எமிலியானா அவள் கையைப் பிடித்தாள். "கோபப்படாதே. எனக்கு இருபது வருட உழைப்பு போயிருக்கும். உனக்கு இதில் என்ன போய்விட்டது? அடுத்த மாதம் உன் பெர்மெசோவை, வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும், முதலாளி என்று நான்தானே கடிதம் தர வேண்டும்? வியாழக்கிழமை வழக்கம்போல வா."

கபோ சந்தைக்குப் பக்கத்தில் அவர்கள் குடியிருந்த அறையில் கணவன் நகுலேஸ்வரன் அரை நாள் லீவு எடுத்து, வாள்மீன் வாங்கிப் பொரித்து வைத்துவிட்டுக் காத்திருந்தான். படியில் காலடி கேட்டதும் கதவைத் திறந்தான்.

"என்னப்பா, உம்மடை பேரைச் சொன்னவையே?"

"ஓம். எல்லாருக்கும் முன்னாலை சொன்னவை. எழுதியும் எடுத்தவை."

"நான் அப்பவே சொன்னனான்! அப்ப இனி வீடு கழுவப் போகத் தேவையில்லை, என்ன?"

"வியாழக்கிழமை போகவேணும்," என்றாள் இந்திராதேவி.