தையலுக்கு விட்ட ஓர் அங்குலம்

நாற்பது வருஷம் ஊருக்கெல்லாம் ரவிக்கை தைத்த கைக்கு மகன் வீட்டில் ஒரு வேலையும் கிடைக்கவில்லை. தம்ளரைக் கழுவப் போனால் மருமகள் ஓடிவந்து பிடுங்கிக்கொள்வாள். “நீங்க உட்காருங்க அத்தை.” வெங்காயத்தைத் தொட்டால், “கண்ணு எரியும் அத்தை.” மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. அந்த மரியாதையில்தான் டெய்லரம்மாவுக்கு மூச்சு முட்டியது. வந்து ஐந்து மாதமாகியும் விருந்தாளி மாதிரியே நடத்தினால் மனுஷிக்கு அந்த வீடு எப்படி ஒட்டும்? விருந்தாளி என்றால் ஒருநாள் கிளம்பத்தானே வேண்டும்.

அதனால், சமையலறை அலமாரிக்குள் பதித்திருந்த ஓவன் கெட்டு, புதிதாக வாங்கலாம் என்று பேச்சு வந்ததும், அளவெடுக்கிற வேலையை அவள் யாருக்கும் விடவில்லை. மகன் பழையதைக் கழற்றி வெளியே வைத்தான். அவள் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போய், பொந்தின் அகலம், உயரம், ஆழம் மூன்றையும் அளந்து சீட்டில் எழுதிக் கொடுத்தாள்.

“அம்மா அளந்தா அளந்ததுதான்” என்று மகன் அதைப் பார்த்தே ஆர்டர் போட்டான். அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இரண்டு வாய் கூடவே இறங்கியது.

அடுத்த வாரம் புது ஓவன் வந்தது. பொருத்த வந்தவரும் மகனும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிப் பொந்தில் வைத்தார்கள். போகவில்லை. சாய்த்துப் பார்த்தார்கள், மூச்சைப் பிடித்துத் தள்ளினார்கள். ம்ஹூம்.

மகனுக்குக் கோபம் தலைக்கேறியது. கடைக்குப் போன் போட்டு, “வேற பொட்டியை ஏத்தி அனுப்பிட்டீங்க! உங்க ஆளுக்குக் கண்ணு தெரியாதா?” என்று கத்தினான். பொருத்த வந்தவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார்.

டெய்லரம்மா சீட்டை எடுத்துப் பார்த்தாள். அகலம் இருபத்து மூன்றரை. டேப்பைப் பிடித்துப் பார்த்தாள். பொந்து இருபத்திரண்டரைதான். எந்த அளவை எடுத்தாலும் தையலுக்கென்று ஓர் அங்குலம் சேர்த்தே எழுதிப் பழகிய கை, அலமாரிக்கும் தாராளமாக ஓர் அங்குலம் விட்டிருந்தது. தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

வாயைத் திறக்காவிட்டால் பழி கடையோடு போய்விடும். திறந்தால், கிடைத்த ஒரே வேலையிலும் கோட்டை விட்டவள் என்றாகி, இனிமேல் நாற்காலிதான் கதி. ஆனால் எதிரே ஒருவர் செய்யாத தப்புக்குத் திட்டு வாங்கிக்கொண்டு நிற்கிறாரே.

“போனை வைடா. தப்பு என்னோடது. தையலுக்கு ஒரு இஞ்ச் சேர்த்து எழுதிட்டேன்.”

பொருத்த வந்தவர்தான் முதலில் சிரித்தார். “பொட்டிய ரெண்டு பக்கமும் புடிச்சுத் தைக்க முடியாதேம்மா!”

மகனும் சிரித்துவிட்டான். மருமகள் சிரிக்கவில்லை. “எனக்கு அன்னிக்கே தெரியும் அத்தை. நீங்க எழுதினப்புறம் நானும் ஒரு தடவ அளந்தேன். ஒரு இஞ்ச் குறைஞ்சுது. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு...”

செய்த தப்பைவிட இது டெய்லரம்மாவை அதிகமாகச் சுட்டது.

“உங்கம்மா இப்படி எழுதியிருந்தா என்ன பண்ணியிருப்ப?”

“கத்தியிருப்பேன்.”

“அப்ப எனக்கு மட்டும் ஏன் கத்தல?” என்றாள் டெய்லரம்மா. “தப்புன்னு சொல்லக்கூட நான் இந்த வீட்டுல ஒரு ஆளு இல்லையா?”

மருமகள் முந்தானையை இழுத்துச் செருகினாள். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “நாப்பது வருஷமா அளவெடுக்கிறீங்க, ரவிக்கைக்கும் அலமாரிக்கும் வித்தியாசம் வேணாமா அத்தை? இதைத் திருப்பி அனுப்பி, வேற வர்ற வரைக்கும் இந்தப் பொந்து இப்படி வாயைப் பொளந்துகிட்டு நிக்கணுமா? எழுதினதும் இன்னொரு தடவ சரி பார்த்திருக்கக் கூடாது?”

மகன் பதறிப்போனான். “ஏய், அம்மாகிட்ட என்ன பேச்சு இது?”

“நீ சும்மா இருடா” என்றாள் டெய்லரம்மா. “அவ என்கிட்ட பேசிட்டிருக்கா.”