பதினேழு அடி காரும் பின் சீட்டும்

கார் பார்க்கப் போகிறவன் லைசென்ஸை எடுத்துக்கொண்டு போவான். நான் நாலு பெட்டிகளை எடுத்துக்கொண்டு போனேன். விமானத்தில் செக்-இன் செய்கிற இருபத்துமூன்று கிலோ பெட்டிகள். காலிப் பெட்டியை வைத்து டிக்கியைச் சோதிப்பது ஏமாற்று வேலை என்பது என் கொள்கை. அதனால் பழைய போர்வைகள், ஒரு மூட்டை சோனா மசூரி அரிசி, மகள் பிரீத்தி ஆஸ்டினுக்குக் காலேஜ் போனபோது விட்டுப்போன புத்தகங்கள் என்று எடைபோட்டு அடைத்திருந்தேன். ஊரிலிருந்து ஆள் வந்தால் அத்தனை பெட்டியும் ஏர்போர்ட்டிலிருந்து ஒரே நடையில் வீடு சேருமா என்பதுதான் கார் வாங்கும் தமிழன் கேட்கவேண்டிய முதல் கேள்வி. இதை நானே கண்டுபிடித்ததுபோல டெக்சஸில் எங்கள் ஊரான பிளானோ முழுக்கச் சொல்லித் திரிகிறேன். எங்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து ஆள் வந்து ஆறு வருஷமாகிறது. அது வேறு விஷயம்.

எங்கள் பழைய கேம்ரியின் டிக்கியில் ரெண்டு பெட்டிதான் போயிற்று. மற்ற ரெண்டையும் பின் சீட்டில் ஏற்றினேன்.

"பாத்தியா? இதுக்குத்தான் பெரிய கார் வேணும்ங்கறது," என்றேன்.

"பெட்டி ஏத்தாம இருந்தா இந்தக் காரே பெருசுங்க," என்றாள் என் மனைவி வள்ளி. நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நாங்கள் பார்க்கப் போன புதுக் கார் மூன்று மாதமாக என்னைப் பிடித்து ஆட்டியது. அமெரிக்காவில் செடான் என்றால் என்ன என்பதையே மறந்துவிட்டு ஆளாளுக்கு எஸ்யூவியில் ஏறிக்கொண்டிருக்கும் காலத்தில், ஒரு அமெரிக்கக் கம்பெனி துணிந்து புதிதாக ஒரு பெரிய செடானை விட்டிருந்தது. பதினேழு அடி நீளம், கறுப்பு நிறம். யூடியூபில் அதைப் பற்றி வந்த ஒரு ரிவ்யூவையும் நான் விட்டுவைக்கவில்லை. நம் ஆட்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ போட்டேன். நூற்றுப்பன்னிரண்டு பேரும் சொல்லிவைத்தாற்போல ஒரே பதிலைப் போட்டார்கள், ரீசேல் இருக்காது என்று. நண்பன் கோபாலசாமி போன் போட்டே திட்டினான். "சேனா, உனக்கென்ன கிறுக்கா? அமெரிக்கன் காரை அமெரிக்காக்காரனே வாங்கறதில்லடா!" காரை வாங்குகிற அன்றைக்கே விற்கிற நாளை நினைத்துக் கவலைப்படுகிற கூட்டம் நாங்கள். அவர்கள் வாயை அடைக்க எனக்கு ஒரு நல்ல காரணம் தேவைப்பட்டது.

வியாழக்கிழமை அந்தக் காரணம் தானாக வீடு தேடி வந்தது. வள்ளிக்குப் பக்கத்து ஊரான இர்விங்கில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை கிடைத்தது. கோபிச்செட்டிப்பாளையத்தில் பயோகெமிஸ்ட்ரி படித்தவள். இங்கே வந்து விசாவுக்குக் காத்திருந்ததில் பாதி வருஷங்களும் பிள்ளை வளர்த்ததில் மீதி வருஷங்களும் போய்விட்டன. நாற்பத்தாறு வயதில் உட்கார்ந்து படித்து, லேப் பரீட்சை எழுதிப் பாஸாகி, வாங்கிய முதல் ஆஃபர். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். காலை ஏழு மணி ஷிஃப்ட். வீட்டிலிருந்து இருபத்தைந்து மைல், அத்தனையும் டோல்வே, சுங்கம் கட்டிப் பறக்கிற வேகச்சாலை.

வள்ளி பதினோரு வருஷமாக டோல்வே, ஃப்ரீவே எதிலும் ஏறுவதில்லை. லைசென்ஸ் இருக்கிறது. இந்தியன் கடை, கோயில், டென்டிஸ்ட் எல்லாவற்றுக்கும் உள்ரோட்டிலேயே சுற்றிச் சுற்றிப் போய் வந்துவிடுவாள்.

"என்ன பதில் போடறதுன்னே தெரியலீங்க," என்றாள். எவ்வளவு சந்தோஷமான செய்தி, அதைக் கெட்ட செய்திபோல மெதுவாகச் சொன்னாள்.

"இதுல என்ன புள்ள யோசனை? பெரிய காரா ஒண்ணு வாங்கிட்டா எவன் இடிச்சாலும் உனக்கு ஒண்ணும் ஆகாது. நல்லா ஸேஃபா போலாம்," என்றேன்.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். பத்தே நிமிஷத்தில் கார்க் கடையின் வெப்சைட்டில் டெஸ்ட் டிரைவுக்கான படிவத்தை நிரப்பினேன். காரை ஓட்டப்போவது யார் என்ற கேள்விக்கு 'என் மனைவி' என்று போட்டேன். போடும்போது எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

வள்ளி ஃப்ரீவே ஏறாத கதை எங்கள் வட்டாரத்தில் பிரபலம். பிரபலமாக்கியது நான்தான். ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவந்து கூடிச் சாப்பிடுகிற பாட்லக்கில் பிரியாணி முடிந்து பாயசம் வருவதற்குள் யாராவது, "சேனா, அந்த வைப்பர் கதையைச் சொல்லுப்பா," என்பார்கள். நான் எழுந்து நின்று நடித்தே காட்டுவேன். முதல் தடவை ஃப்ரீவே ஏறிய வள்ளி இண்டிகேட்டருக்குப் பதிலாக வைப்பரைத் தட்டியது, கொளுத்துகிற டெக்சஸ் வெயிலில் வைப்பர் ஆடியது, பாதி வழியில் ஓரமாகக் காரை நிறுத்திவிட்டு இறங்கி விடுவிடுவென்று நடக்க ஆரம்பித்தது. "கோபிக்கு எந்த எக்ஸிட்னு கேட்டா பாருங்க!" என்று முடிப்பேன். அவள் அப்படிக் கேட்கவே இல்லை, அது என் கைச்சரக்கு. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். வள்ளியும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

கார்க் கடையில் எங்களுக்காகக் காத்திருந்தவர் பெயர் ஆபேல். சான் அன்டோனியோக்காரர், அறுபது வயதிருக்கும், பெல்ட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பக்கிள். நாலு பெட்டிகளைப் பார்த்ததும் ஏர்போர்ட்டுக்குப் போகிற வழியா என்று கேட்டார். நான் என் பெட்டிக் கொள்கையை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். முதலில் ஓட்டிப் பாருங்கள், பெட்டியைப் பிறகு பார்க்கலாம் என்றார்.

நான் கையை நீட்டினேன். ஆபேல் கையிலிருந்த தாளைப் பார்த்தார். ஓட்டப்போவது மேடம் என்றல்லவா போட்டிருக்கிறது என்று சொல்லி, சாவியை வள்ளியிடம் நீட்டினார். நுணலும் தன் வாயால் கெடும். நான் படிவம் நிரப்பிக் கெட்டேன்.

"இல்லையில்லை, அவள் ஃப்ரீவே ஏறமாட்டாள்," என்று அவசரமாக ஆங்கிலத்தில் சொன்னேன். கேட்காமலே வைப்பர் கதையையும் ஆரம்பித்தேன்.

வள்ளி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு, "ஓட்டிப் பாக்கறேனுங்க," என்றாள்.

நான் ஓடிப்போய் முன் சீட்டுக் கதவைத் திறந்தேன். ஆபேல் மன்னிப்புக் கேட்டார். டெஸ்ட் டிரைவில் கடை ஆள்தான் முன்னால் உட்காரவேண்டுமாம், விதியாம். கல்யாணமாகி இருபத்துமூன்று வருஷத்தில் வள்ளி ஓட்டுகிற காரில் நான் பின்னால் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

அந்தப் பின் சீட்டைப் பற்றி எல்லா ரிவ்யூவிலும் புகழ்ந்திருந்தார்கள். புகழ்ச்சி உண்மைதான், அதுதான் என் கஷ்டமாகப் போயிற்று. வள்ளி சர்வீஸ் ரோட்டில் திரும்பியதுமே பழக்கதோஷத்தில் என் வலது கால் பிரேக்கை மிதிக்கப் போனது. முழுசாக நீட்டியும் முன் சீட்டின் முதுகைக்கூட எட்டவில்லை. ஆபேல் வேறு இருபது ஸ்பீக்கரின் பெருமையைக் காட்ட ஏதோ ஒரு கிட்டார் பாட்டைப் போட்டுவிட்டிருந்தார்.

"புள்ள! மிரர் பாரு! மிரர்!" என்று கத்தினேன். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. டோல்வே ஏறுகிற வளைவு வந்தது. "ஸ்லோ! ஸ்லோங்கறேன்!" வேகம் கூடியது. வளைவில் கார் கோட்டை லேசாக மிதித்தது. கார் ஒரே ஒரு தடவை 'பீப்' என்றது. வள்ளி ஸ்டியரிங்கைத் துளி திருப்பினாள், கார் சரியாயிற்று, அதோடு விஷயம் முடிந்தது. அந்த ஒரு பீப்புக்குள் நான் அவள் பரம்பரையை, படிப்பை, கண்பார்வையை எல்லாம் இழுத்திருப்பேன்.

மறுபடியும் நான் வாயைத் திறந்தபோது ஆபேல் திரும்பினார். "சார், உங்கள் கைப்பிடியில் மசாஜ் பட்டன் இருக்கிறது. கட்டாயம் முயற்சி செய்துபாருங்கள்," என்றார். பிறகு வள்ளியிடம், "மேம், அவசரமே இல்லை. பின்னால் யாரும் இல்லை. எப்போது தோன்றுகிறதோ அப்போது உள்ளே போங்கள்," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அவள் உள்ளே போனாள். எழுபது மைல் வேகம். இடதுபக்கம் ஒரு டிரக் இரைச்சலோடு கடந்தது. அவள் தோள் ஒருமுறை ஏறி இறங்கியது. நான் மசாஜ் பட்டனை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதுகை யாரோ பிசைகிற மாதிரி இருந்தது. அப்போதுதான் கவனித்தேன், என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் வள்ளியின் பின்னங்கழுத்தும் கொண்டையும் ஒரு தோளும்தான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அந்த வைப்பர் நாளில் ஏழு வயது பிரீத்தி உட்கார்ந்திருந்ததும் இப்படிப் பின் சீட்டில்தான்.

பாட்லக்கில் நான் சொல்லாமல் விடுகிற பாகம் ஒன்று உண்டு. அன்றைக்கு அவள் நன்றாகத்தான் ஏறினாள். நான்தான் ஏறிய நொடியிலிருந்து கத்தினேன். டேஷ்போர்டை அடித்தேன். என் கத்தலில் பதறித்தான் அவள் கை வைப்பரில் பட்டது. அதற்கும் கத்தினேன். கடைசியில் ஸ்டியரிங்கையே எட்டிப் பிடித்து இழுத்தேன். கார் ஆடிய ஆட்டத்தில் பின்னாலிருந்த பிரீத்தி வீரிட்டு அழுதாள். வள்ளி காரை ஓரங்கட்டி, இறங்கி, வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்கேயும் நடக்கவில்லை. எந்த எக்ஸிட்டும் கேட்கவில்லை. சீ, என்ன மனுஷன் நான் என்று அந்த மசாஜ் சீட்டில் எனக்கு அவமானமாக இருந்தது. பதினோரு வருஷம் ஊரைக் கூட்டிச் சிரிக்கவைத்தது என் பெண்டாட்டியின் பயத்தைக் காட்டி. அந்தப் பயத்தைக் கொடுத்தவனும் நான்.

வள்ளி ரெண்டு எக்ஸிட் தாண்டி இறங்கி, திரும்பி, கடை வாசலில் கோட்டுக்குள் காரை நிறுத்தினாள். முகமெல்லாம் வேர்த்திருந்தது. ஆனால் நான் பார்த்தே வெகுநாளான ஒரு சிரிப்பு. ஆபேல் கைதட்டினார்.

என் அவமானம் கார் நிற்கிறவரைதான் நின்றது, இறங்கியதும் ஆசை எட்டிப்பார்த்தது. நாலு பெட்டிகளையும் உருட்டி வந்து டிக்கியில் அடுக்கினேன். நாலும் போயின. ஐந்தாவதுக்கும் இடம் இருந்தது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"வாங்கிரலாம் புள்ள! நீ ஓட்டுன அழகென்ன! இந்தக் கார்தான் உனக்கு ராசி," என்றேன்.

"கார் ரொம்ப நல்லாத்தானுங்க இருக்குது," என்றாள். "ஆனா எனக்கு இது வேண்டாமுங்க."

"ஏன்? இப்பத்தான அவ்வளவு நல்லா ஓட்டுன?"

"நல்லா ஓட்டுனது காரால இல்லீங்களே." கையை நீட்டினாள். "கேம்ரி சாவியக் குடுங்க. நீங்க பின்னால உக்காருங்க. அது போதும்."

ஆபேலுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் விற்பனை போய்விட்டது என்று அந்த மனிதருக்குப் புரிந்துவிட்டது. பெட்டிகளை இறக்க அவரே உதவி செய்தார். நான் கேம்ரி டிக்கியில் ரெண்டை வைத்தேன். மூன்றாவதைப் பின் சீட்டில் வைத்துவிட்டு, நாலாவதை முன் சீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

"முன்னால வேண்டாமுங்க, வலது மிரரை மறைக்கும்," என்றாள்.

"அப்ப பின்னால ஒண்ணுமேல ஒண்ணா வெக்கட்டா?"

"பின் கண்ணாடில ஒண்ணும் தெரியாதுங்களே."

இதெல்லாம் அவளுக்கு எப்போது தெரிந்தது என்று நான் வியந்துகொண்டே உள்ளே நுழைந்து உட்கார்ந்தேன். நாலாவது பெட்டி என் மடிக்கு வந்தது. சோனா மசூரி இருந்த பெட்டி அதுதான். முட்டி முன் சீட்டில் இடித்தது, தாடை பெட்டியின் கைப்பிடியில் இடித்தது. ரோடு மட்டும் துளிகூடத் தெரியவில்லை.

வள்ளி உடனே கிளப்பவில்லை. போனை எடுத்து ஏதோ தட்டினாள். "ஆஸ்பத்திரிக்குப் பதில் போட்டுட்டேனுங்க. வர்றேன்னு," என்றாள். பிறகு காரை எடுத்தாள். சர்வீஸ் ரோட்டின் சிக்னல், வளைவு, ஏற்றம் எல்லாவற்றையும் நான் உடம்பால்தான் தெரிந்துகொண்டேன். இண்டிகேட்டர் சத்தம் கேட்டது. கார் ஒரு பக்கமாக நகர்ந்து நேரானது. என் வாய் ரெண்டு தடவை திறந்தது. கண்ணுக்கு எதுவும் தெரியாதவன் எதைப் பார்த்துக் கத்துவான்? மூடிக்கொண்டேன்.

கொஞ்ச தூரம் போனபிறகு பெட்டிக்குப் பின்னாலிருந்து சொன்னேன். "புள்ள, அன்னிக்கு அந்த வைப்பர் விஷயம்... நான்தான் கத்துனேன். ஸ்டியரிங்கைப் புடிச்சு இழுத்ததும் நான்தான்."

"தெரியுமுங்க," என்றாள். "நானும் அந்தக் கார்லதானுங்களே இருந்தேன்."

டோல் கேமரா மாட்டிய இரும்புப் பாலத்தின் நிழல் உள்ளே விழுந்து போயிற்று. மறுபடியும் இண்டிகேட்டர் சத்தம் கேட்டது.

"அடுத்த பாட்லக்ல அதையும் சேத்துச் சொல்லுங்க," என்றாள் வள்ளி. "எந்திரிச்சு நின்னு, நடிச்சே காட்டுங்க."