மீண்டும் எடுக்கவும்

செல்போனின் ஓரத்தில் காய்ந்திருந்த சேற்றை அபிதா நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். அப்பாவின் போன். நேற்றுக் காலை வரப்பில் அவர் சாய்ந்தபோது கையில் இருந்தது. தூக்கி வந்தவர்கள் அவரோடு சேர்த்து அதையும் வீட்டில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். மாரடைப்பு என்றார் டாக்டர். அப்பா தணிகைவேல் இப்போது கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தார்.

அம்மாவின் தம்பி பக்கிரி மூன்றாவது முறையாக வந்து நின்றார். மூன்று மணிக்கு எடுக்கிறார்கள். அதற்குள் தெருமுனையில் பேனர் கட்டியாக வேண்டும்.

"போட்டோ கெடச்சிதாம்மா? பாகூர் ப்ளெக்ஸ் கடைக்காரன் போன் மேல போன் போட்டுகினு இருக்கான்."

வீட்டில் இருந்தது கல்யாணப் போட்டோ ஒன்றுதான். முப்பது வருஷத்துக்கு முந்தைய அந்த மீசையைப் போட்டால் குருவிநத்தம் ஊரில் பாதிப் பேருக்குச் செத்தது யாரென்றே தெரியாது. ஆதார் அட்டையில் இருந்தவரோ போலீசில் தேடப்படுகிறவர் மாதிரி இருந்தார். கேமராவைக் கண்டாலே மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விடுகிற மனுஷன். வேறு வழியில்லாமல்தான் அபிதா இந்தப் போனைத் திறந்தாள்.

கேலரி முழுக்க நெல்தான்.

அவள் அரியாங்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். அங்கேயே ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். அப்பா சரியாக வேலை நேரத்தில்தான் கூப்பிடுவார். இலை நுனி காய்கிறது, போனில் பார்த்து என்ன மருந்து என்று சொல் என்பார். சூப்பர்வைசர் முறைப்பான். தீபாவளிக்கு வந்தபோது பயிர் ஆப் ஒன்றை அவளே ஏற்றிக் கொடுத்தாள். இலையைப் படம் எடுத்து அனுப்பினால் நோயும் சொல்லும், மருந்தும் சொல்லும். கொடுத்த கையோடு ஒரு வார்த்தையும் சொன்னாள்.

"எல்லாத்துக்கும் எனக்குப் போன் போடாதப்பா. இதுல கேளு. இதுக்கு எல்லாம் தெரியும்."

சரிம்மா என்றார். அதோடு அவர் கூப்பிடுவது நின்றது. ஆப் நன்றாக வேலை செய்கிறது என்று கடையில் கூட வேலை செய்யும் கல்பனாவிடம் பெருமை வேறு பேசியிருந்தாள்.

இப்போது ஆப்பைத் திறந்தாள். நாற்பத்து மூன்று முறை கேட்டிருந்தார். நாற்பத்து மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே பதில். 'படம் தெளிவாக இல்லை. ஒற்றை இலையை நடுவில் வைத்து மீண்டும் எடுக்கவும்.' அது இலையைக் கேட்க, இவர் தண்ணீரை ஒட்டிய நெல் தூரை, பயிரின் அடியை, எடுத்திருந்தார். பாதிப் படங்களை அவருடைய கட்டைவிரல் மறைத்திருந்தது. வெயிலில் திரையும் தெரிந்திருக்காது. கண்ணாடி இல்லாமல் எழுத்துக் கூட்டவும் வராது.

ஒன்பது படங்களில் கேமரா முன்பக்கம் திரும்பியிருந்தது. நெல் இருக்க வேண்டிய இடத்தில் அப்பாவின் முகம். தலையில் துண்டு, நாலு நாள் நரைத்தாடி, இடுக்கிய கண்கள், ஓரத்தில் ஒரு நெல் தாளைப் பிடித்திருக்கும் கை. தெரியாமல் அதையே அனுப்பியிருக்கிறார். 'பயிர் கண்டறியப்படவில்லை. மீண்டும் எடுக்கவும்.' மீண்டும் எடுத்திருக்கிறார்.

கடைசிப் படம் நேற்று ஒன்பது நாற்பதுக்கு. அழைப்புப் பட்டியலில் ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு அவளுக்கு ஒரு அழைப்பு. அபிதாவுக்கு அது நன்றாக ஞாபகம் இருந்தது. பேர் பார்த்துத்தான் கட் செய்தாள். துக்கத்தைவிட வெட்கம்தான் அவளை அதிகம் அழுத்தியது.

அம்மா விஜயராணி சுவரில் சாய்ந்தபடி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா நோயாம்மா?" என்றாள் அபிதா.

"புகையான்தான். நெல்லுத் தூர தட்டனா பூச்சி தண்ணில வுழுது, அவருக்குத் தெரியாதா? பொண்ணு இதுலதான் கேக்கச் சொல்லிச்சின்னு, அது பதில் சொல்ற வரைக்கும் மருந்தடிக்காம குந்திகினு இருந்தாரு. பாதி நெலம் காஞ்சி போச்சி." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நேத்து நெலத்துக்குக் கெளம்பறப்ப உன்ன கூப்புடட்டான்னு கேட்டாருடி. வேலைக்குப் போற பொண்ண தொந்தரவு பண்ணாதன்னு நான்தான் தடுத்துட்டன். இல்லன்னா உன்னாண்ட ரெண்டு வார்த்த பேசிட்டாவது போயிருப்பாரு."

அப்பா கூப்பிட்டார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அம்மாவின் மனசிலிருந்து அந்தப் பழி இறங்கிவிடும். அபிதாவுக்கு வாய்வரைக்கும் வந்தது. போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ஒன்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ப்ளெக்ஸ் கடைக்கு அனுப்பினாள். ஓரத்தில் இருக்கிற கையை வெட்டிவிடலாமா என்று கடைக்காரன் கேட்டான். வெட்டிவிடச் சொன்னாள்.

மூன்றரைக்கு எடுத்தார்கள். தெருமுனைவரை பெண்கள் போனார்கள். அங்கிருந்து ஆண்கள் மட்டும் ஆற்றோரச் சுடுகாட்டுக்கு மேளத்தோடு போக, பெண்கள் திரும்பினார்கள். அபிதா மட்டும் பேனருக்கு முன்னால் நின்றாள். ஆளுயரத்துக்கு அப்பாவின் முகம். போட்டோ நல்லா வந்திருக்கு என்று யாரோ சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவர் திரையைப் பார்த்துக்கொண்டு எடுத்த படம் அது. பார்வை கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. அபிதா இரண்டடி இடப்பக்கம் நகர்ந்து பார்த்தாள். பிறகு வலப்பக்கம் வந்தாள். பின்னால் போனாள். எங்கே நின்றாலும் அப்பா அவளைப் பார்க்கவில்லை.