தட்டச்சு செய்தவள்

கடை வாசலில் வண்டி நின்ற சத்தம் கேட்டு அருணாதேவி நிமிர்ந்தபோது, முதலில் பார்த்தது முகங்களை அல்ல, கைகளை. மூன்று பேர். ஒரு கையில் செல்போன், ஒன்றில் வண்டிச் சாவி, மற்றவை வெறுங்கை. அதற்குப் பிறகுதான் முகங்கள் தெரிந்தன. முன்னால் வந்தவர் அவள் கணவனின் அண்ணன் திருமலை. மூன்று நாளாகச் சவரம் செய்யாத முகம். பின்னால் அவருடைய மைத்துனன் காசி. அவனோடு அவள் அதுவரை பார்த்திராத ஓர் ஆள்.

கைகளைப் பார்க்கும் இந்தப் பழக்கம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் இருக்கும் இந்த ஜெராக்ஸ் கடைக்கு, ரமணாசிரமத்துப் பக்கம் அறையெடுத்துத் தங்கியிருந்த இராமலிங்கம் என்ற ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தார். ருவாண்டாவில் நடந்த இனப்படுகொலையில் உயிர் தப்பிய ஒரு பெண் எழுதிய தன் கதை. அவர் கைப்படத் தமிழாக்கியிருந்தார். டைப் செய்து தர வேண்டும். கல்யாணப் பத்திரிகையும் பட்டா மனுவும் அடித்துப் பழகியவளுக்கு அது முந்நூறு பக்க வேலையாகத்தான் தெரிந்தது. நாலு மாதம் பிடித்தது. வாசிக்கிறவர்கள் தாங்க முடியாத இடத்தில் பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போகலாம். அவளால் முடியாது, ஒவ்வொரு எழுத்தாக அடித்தாக வேண்டும். செத்துப்போன பிள்ளைகளின் பெயர்களைத் தப்பாக அடித்து, அழித்து, மறுபடி அடித்தாள்.

வெட்டுக்குத்தையும் நெருப்பையும் பற்றிய பக்கங்கள் நாளடைவில் மங்கிவிட்டன. மங்காமல் நின்றவன் ஒரு குமாஸ்தா. கதையை எழுதிய அந்த அம்மாளின் ஊரில் அழகான கையெழுத்துக்காரன். எந்த வீட்டில் யார் யார் என்று வெட்டுகிறவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய் ஆட்டுக்குத் தழை போட்டான். பல வருடம் கழித்து விசாரணையில், ‘நான் யாரையும் தொடவில்லை. கேட்டார்கள், எழுதினேன்’ என்றான். அந்த வரியை அடித்த அன்று அருணாதேவி பட்டப்பகலில் கடையைப் பூட்டிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டாள். பேராசிரியர் ஊருக்குப் போய்விட்டார். அது புத்தகமாக வந்ததா என்றுகூட அவளுக்குத் தெரியாது. ஆனால் அதன் பிறகு யார் வீட்டுக்குப் போனாலும் அவள் கண் பரணைத் தேடிற்று. ஓர் ஆளை ஒளித்துவைக்க முடியுமா? நாத்தனாரின் புதுவீட்டுப் பால் காய்ச்சும் நாளில்கூட அதைத்தான் யோசித்தாள். யாரிடமும் சொன்னதில்லை. சிரிப்பார்கள்.

“வாங்க மாமா.”

திருமலை உட்காரவில்லை. “சினேகான்னு ஒருத்தி, அந்தப் பையனோட அக்கா. கல்யாணமாகி வெளியூர்ல இருக்காளாமே. ரேஷன் கார்டுல அட்ரஸ் மாத்த போன மாசம் உங்கிட்டதான வந்தா?”

அந்தப் பையன் என்றால் காலனி கன்னியம்மாளின் மகன் மாறன். சனிக்கிழமை காலை வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பிய திருமலையின் மகள் பூஜா திரும்பி வரவில்லை. சாயங்காலம் மாலையும் கழுத்துமாக மாறன் பக்கத்தில் நிற்கும் படம் மட்டும் போனுக்கு வந்தது. அன்றிலிருந்து காலனிப் பக்கம் ஊர்க்காரர்கள் யாரும் பால் வாங்கவில்லை. காலனி ஆண்கள் யாரும் டீக்கடைப் பக்கம் வரவில்லை.

சினேகா வந்தது உண்மைதான். ஏழு மாத வயிற்றோடு வந்து, கேஸ் சிலிண்டர் ரசீதைக் கொடுத்து, “ஆரணியில வீடு மாத்திக்கினோம்கா” என்றாள். அந்த மனு இந்தக் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது.

மாசக் கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிடுவேன் என்று சொல்ல அருணாதேவி வாயெடுத்தாள். அதற்குள் காசி மேசையைச் சுற்றி உள்ளே வந்துவிட்டான். “நீ நகரு அருணா. நான் பாக்கறேன்.”

அவள் நாற்காலியில் அழுந்த உட்கார்ந்தாள். “இருக்குது. குடுக்க மாட்டேன்.”

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது.

“நான் இன்னா வெட்டவா போறேன்?” திருமலையின் குரல் உடைந்தது. “எம் பொண்ணக் கூட்டினு வரணும். அவ்ளோதான்.”

“நீங்க வெட்ட மாட்டீங்க மாமா. இவரு யாரு?”

அந்த மூன்றாவது ஆள் வாசலில் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

திருமலை தம்பிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். வேங்கிக்காலில் மளிகைக் கடையிலிருந்த அவள் கணவன் பிரசாத் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அட்ரஸ்தான கேக்கறாரு? எழுதிக் குடுத்துட்டு உன் வேலையப் பாரு. நமக்கு இன்னாத்துக்கு?” என்றான். அவன் கோபப்படவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்கிற அதே குரல். பன்னிரண்டு வருடமாக அவளைக் கை நீட்டி ஒரு அடி அடிக்காதவன். அந்தக் குமாஸ்தாவும் வீட்டில் இப்படித்தான் பேசியிருப்பான் என்று தோன்றியது.

“நீங்களே வந்து கேட்டாலும் இல்லீங்க,” என்றாள்.

மனுவைத் தேடிப் பிடித்து அழிக்கக் கொடுத்தாள். நிரந்தரமாக அழிக்கவா என்று திரை கேட்டது. காசி பாய்ந்து அவள் வலது மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். வளையல் ஒன்று உடைந்து குத்திற்று. அவள் இடது கையால் என்டரைத் தட்டினாள்.

காசி கையை ஓங்கினான். “டேய்!” என்றார் திருமலை. கை இறங்கியது.

“பூஜா இதே சேர்லதான் டைப்பிங் கத்துக்கினா,” என்றாள் அருணாதேவி.

திருமலை அவளைப் பார்க்காமல், “இந்தக் கடை எடம் என்னுது. ஞாபகம் இருக்குதில்ல?” என்றார்.

“இருக்குது மாமா.”

மூன்றாவது ஆள் அப்போதுதான் முதல்முறையாக வாயைத் திறந்தான். மிகவும் மரியாதையாக, “பரவால்லீங்க. வேற வழி இருக்குது. மத்தியானத்துக்குள்ள கெடச்சிடும்,” என்றான்.

அவர்கள் வெளியேறினார்கள். அருணாதேவி ஜெராக்ஸ் இயந்திரத்துக்குப் பின்னால் போய்க் குனிந்து, தன் போனிலிருந்த சினேகாவின் எண்ணை அழுத்தினாள். விரலில் ரத்தம் பட்டுத் திரை இரண்டு முறை கேட்கவில்லை. மூன்றாவது முறை மணி போயிற்று. எடுத்தார்கள்.

“சினேகா, அருணாக்கா பேசறேன். எல்லாரும் வீட்ட விட்டுக் கெளம்புங்க. இப்பவே. துணிமணி ஒண்ணும் எடுக்காதீங்க.”

அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்று கீழே விழுந்தது. போன் கை மாறுகிற சத்தம். பிறகு வேறு குரல், மூக்கடைத்துப்போய்:

“சித்தி... அப்பா சாப்ட்டாரா?”

அருணாதேவி கண்ணாடிக் கதவு வழியாக வெளியே பார்த்தாள். காசி வண்டியை எடுத்துத் திருப்பி நிறுத்தியிருந்தான். மூன்றாவது ஆள் ஏறிவிட்டான். திருமலை ஏறவில்லை. ரோட்டோரப் புங்கமரத்தடியில், வரிசையாக உட்கார்ந்திருந்த சாமியார்களின் கடைசியில், வெறுந்தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தார். அன்னதான வேனிலிருந்து இறங்கிய ஒரு வெளியூர் அம்மாள் ஒவ்வொருவர் முன்னாலும் சாம்பார் சாதப் பொட்டலம் வைத்துக்கொண்டே வந்து, அவர் முன்னாலும் ஒன்றை வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். காசி ஹாரன் அடித்தான். மறுபடி நீளமாக அடித்தான். காவி வேட்டிகளுக்கு அடுத்து அந்த ஒற்றை வெள்ளை வேட்டி அசையாமல் இருந்தது.