சம்பந்தி கொண்டுவந்த மூச்சு மிஷின்

"அதே மாஸ்க்கு, அதே டியூபு, அப்புறம் இன்னாத்துக்குப் புதுசு?" என்று துர்காதேவி போட்ட சத்தத்தில் கும்மிடிப்பூண்டியில் பாதித் தெரு வாசலுக்கு வந்துவிட்டது. தூக்கத்தில் மூச்சடைக்கும் தன் கணவர் வைத்திருந்த பழைய மிஷினை, மூச்சுக்குப் புது மிஷின் வாங்கவிருந்த வருங்காலச் சம்பந்தி குப்புராஜுக்குச் சீர் மாதிரி தூக்கிவந்திருந்தாள். வேண்டாம் என்றால் நிச்சயமான கல்யாணம் நின்றுபோகும் என்று குப்புராஜின் மகள் ரம்யாவுக்குத் தெரியாதா என்ன? ஆனால் சிப்காட் ஆலையில் காற்றழுத்தும் கம்ப்ரஸர் பார்க்கிற பெண், காற்று விஷயத்தில் விடுவாளா?

"அத்தே, மாமாவுக்குத் தொண்ட மூடிக்குது. ஒரே அழுத்தமா ஊதினா தெறந்துக்கும். எங்கப்பாவுக்கு நுரையீரலே கெட்டுப்போச்சு. அவரு மூச்ச வெளிய உடும்போது மிஷின் தணிஞ்சு குடுக்கணும், இது எதுத்துக்கினு நிக்கும். டாக்டர் எழுதினது ரெண்டு அழுத்தம் வெக்கிற மிஷினு. அதத்தான் வாங்குவோம்."

"இந்த வாயி எங்கூட்டுக்கு ஆவாது!"

அவள் மகன், மாப்பிள்ளை பரத், "எனக்கு ஆவும்மா" என்றபடி பழைய மிஷினைத் தூக்கி வண்டியில் கட்டினான்.

கல்யாணம் நடக்கும் என்று தெரு நம்பவில்லை. ஆனால் ஆவணியில், புது மிஷின் தயவில், குப்புராஜ் மணமேடைவரை நடந்தே போய் மகளைத் தாரைவார்த்தார். பரத்தும் ரம்யாவும் காட்டுப்பள்ளிக் கடலோரம் தனிக்குடித்தனம் போனார்கள். துர்காதேவி மாதம் இரண்டு தடவை அங்கே போய்வருகிறாள், மீன் வாங்கத்தானாம்.